எண்ணெய்க் கசிவும் பொருளாதாரத் தடையும்: வன்னிப் பெருநிலத்தின் மோட்டார்த் திருத்தத் தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு நெடுங்காலமாக இரு வகைச் சான்றுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. வன்னியரென்னும் குறுநிலத் தலைவர் பற்றியும் அவர்தம் பற்றுகள் பற்றியும் வழங்கும் மரபுச் செய்திகள் முதலாவது வகையின. ஆங்கில ஆட்சியாளர் தம் நிருவாகத் தேவைக்கெனத் தொகுத்தவை இரண்டாவது வகையின. ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இவ்விரண்டாம் வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அண்மைக் காலத்தில் இவற்றோடு போர் என்னும் மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது. தலைவர், குளம், போர் ஆகிய மூன்றையும் விட்டு வன்னியைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லையோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு இம்மரபு வலுப்பெற்றுள்ளது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு அடியில், மசகெண்ணெயைத் தாங்கி நிற்கும் ஒரு தகட்டுத் தொட்டி உண்டு. திருத்தகங்களில் அதனை 'சம்ப்' என்பர். அத்தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட பொருத்திலே எண்ணெய் கசியாது அடைப்பது எவ்வாறு என்பதும், பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் அச்சிறுவேலை வன்னியில் என்ன பொருள் பெற்றது என்பதுமே இங்கு ஆராயப்படும்.

இது வரலாற்றுக்குரிய பொருளா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. தொழினுட்பத்தின் வரலாறு புதியன கண்டுபிடித்தோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்படுகின்றது. உண்மையில் மக்கள் எதைப் பயன்படுத்தினர், எதைப் பேணினர், எதைத் திருத்தினர் என்பதே அதன் நடுநாயகமாக அமைதல் வேண்டும் என, பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜெர்ட்டன் 2006ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் வாதிட்டார். இக்கருத்தை ஏற்போமாயின், புதிய இயந்திரம் எதுவும் கண்டுபிடிக்கப்படாத வன்னி, தொழினுட்ப வரலாற்றின் ஓரத்திலிருந்து அதன் நடுவுக்கு வந்துவிடும். கண்டுபிடிப்புக்கு இடமில்லாத, ஆனால் பேணுதலின்றி ஒரு நாளும் கழியாத ஒரு சமுதாயமாக அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தது.

வண்டிகள் வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா தன் கடன்களை அடைப்பதற்கு ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியது. மோட்டார் வண்டி அவ்வேற்றுமதியில் முதன்மை பெற்றது. பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் ஆலையில் உருவான ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947இலும், அதன் வழிவந்த சமர்செற் 1952இலும் வெளிவந்தன. ஒக்ஸ்போர்ட் நகரையடுத்த கௌலி ஆலையிலிருந்து, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1952இல் ஒஸ்ரின், மொரிஸ் நிறுவனங்கள் இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாயின. அதன்பின் ஒஸ்ரினின் சிறிய எஞ்சினே மொரிஸ் மைனருக்கும் பொருத்தப்படலாயிற்று. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய பெரிய வண்டிகள் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒரே எஞ்சினைப் பகிர்ந்துகொண்டன. ஒன்றின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்னும் இவ்வியல்பு பிற்காலத்தில் எத்துணைப் பயன் விளைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இலங்கையில் இவ்வண்டிகள் பெருகியது 1950களிலேயாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. ஆகவே, பிறநாடுகளிலே பத்தாண்டில் கழிக்கப்பட்ட வண்டி இங்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஓடவேண்டியதாயிற்று. பழையதைக் கழற்றி, தேய்ந்ததைக் கடைந்து, உடைந்ததை ஒட்டி ஓடவைக்கும் திறன் இலங்கைத் திருத்தகங்களின் பொதுச்சொத்தானது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் யப்பானிய வண்டிகள் பெருகின. பழைய ஆங்கில வண்டிகள் மதிப்பிழந்தன.

வன்னியைப் பொறுத்தவரை மோட்டாரின் வருகை குடியேற்றத்தோடும் நெற்செய்கையோடும் பிணைந்தது. இரணைமடுக் குளத்தின் நீர்ப்பாய்ச்சலைச் சார்ந்து கிளிநொச்சி, பரந்தன் பகுதிகளில் வயல் விரிந்தபோது உழவு இயந்திரமும் லொறியும் வந்தன. 'லான்ட்மாஸ்ரர்' என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெயர், அவ்வகை இயந்திரம் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டமை அவ்வருகையின் ஆழத்தைக் காட்டும். கண்டி வீதியும், பரந்தன் – முல்லைத்தீவு வீதியும், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடங்களிலே திருத்தகங்கள் தோன்றின. உழவு இயந்திரத்துக்கெனத் தோன்றியவை காரையும் ஏற்றுக்கொண்டன. ஊர் ஊராக நின்ற 'ஹயர் கார்'கள் மணமக்களையும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச்சென்றன.

சம்ப்பின் அமைப்பும் கசிவின் காரணங்களும்

இவ்விடத்து எஞ்சினின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்கால ஆங்கில எஞ்சின்களில் சம்ப் என்பது அழுத்தி வளைத்த உருக்குத் தகடு. அதன் விளிம்பு பல போல்ட்டுகளால் வார்ப்பிரும்பு எஞ்சினின் அடிப்பரப்போடு இணைக்கப்படும். இரு பக்க விளிம்புகளுக்கும் இடையே தாளாலோ தக்கையாலோ ஆன 'பக்கிங்' வைக்கப்படும். முன்னும் பின்னும் கிராங் தண்டைத் தாங்கும் மூடிகள் அரைவட்டமாகப் புடைத்து நிற்பதால், அவ்விரு இடங்களிலும் தனித்தனியே தக்கைத் துண்டுகள் அரைவட்டக் குழியில் அமர்த்தப்படும். பக்கப் பக்கிங்கும் அரைவட்டத் தக்கையும் சந்திக்கும் நான்கு மூலைகளுமே கசிவுக்கு எளிதில் இடந்தருவன.

இவ்வெஞ்சின்களின் பின்புறத்தில் இன்றைய வண்டிகளிற் காணப்படும் றப்பர் அடைப்பு வளையம் கிடையாது. கிராங் தண்டின் பின்முனையில் வெட்டப்பட்ட சுருள் தவாளிப்பு, தண்டு சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். இது தேய்மானமற்ற நல்ல ஏற்பாடே. ஆயினும் எஞ்சினுள் அமுக்கம் மிகும்போது இது தோற்றுவிடும். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயு கீழிறங்கி உள்ளமுக்கத்தைக் கூட்டும். அதனை வெளியேற்றும் மூச்சுக்குழாய் தூசியால் அடைபட்டால், எண்ணெய் தனக்கு எளிதான வழியால் வெளிவரும். அத்தகைய எஞ்சினுக்குப் புதிய பக்கிங்கை எத்தனை முறை மாற்றினும் கசிவு நில்லாது. கசிவு தோன்றும் இடமும் கசிவின் காரணமும் ஒன்றல்ல என்பது இத்தொழிலின் முதற் பாடமாகும்.

வன்னியின் நிலமும் இதற்குத் துணைநின்றது. சம்ப் வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்புகளுள் ஒன்று. கிரவல் வீதியின் கற்களும், மாரியில் அரித்துக் கோடையில் இறுகிய மண்மேடுகளும் அதனைத் தாக்கும். தகடு நெளிந்தால் விளிம்பு பொருந்தாது. செம்புழுதி மூச்சுக்குழாயை அடைக்கும். பராமரிப்பற்ற வீதியும் பழைய எஞ்சினும் சேர்ந்தவிடத்தே எண்ணெய்க் கசிவு தவிர்க்கவொண்ணாதது.

தடைக்காலமும் மண்ணெண்ணெயும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கான புகைவண்டிச் சேவை நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குச் செல்லும் பொருள்கள் மீது அரசு தடைகளை விதித்தது. பெற்றோல், டீசல், மின்கலம், வாகன உதிரிப்பாகங்கள் முதலியன தடையிலோ இறுக்கமான கட்டுப்பாட்டிலோ அமைந்தன. மின்சாரமும் இல்லாதொழிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அவருள் ஒரு பகுதியினர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். ஆட்தொகை கூடியது, பொருள் குறைந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி வீதி திறக்கும்வரை இந்நிலை நீடித்தது. 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிவுறும்வரை தடை மீளவும் இறுகியது.

பெற்றோல் இல்லாதவிடத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இச்செய்தியை அக்காலத்தில் வடக்கில் வாழ்ந்தோர் அனைவரும் அறிவர். சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. இவ்விடத்தில் ஒரு வினா எழும். திறந்த பொருளாதாரத்தின் பின் வந்த புதிய யப்பானிய வண்டிகள் இருக்க, மதிப்பிழந்த ஒஸ்ரினும் மொரிஸும் ஏன் மீண்டும் முன்னிலை பெற்றன?

விடை எஞ்சினின் அமுக்க விகிதத்தில் உள்ளது. 1950களின் முற்பகுதியில் ஆங்கில எஞ்சின்கள் தரங்குறைந்த பெற்றோலுக்கென அமைந்தவை. அவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் உயர்ந்த அமுக்கத்தில் வேளைக்கு முன்னரே வெடித்து, எஞ்சினுள் தட்டும் ஓசையை எழுப்பிப் பிஸ்ரனைச் சிதைக்கும். தாழ்ந்த அமுக்கம் கொண்ட பழைய எஞ்சினோ, தீப்பொறி தோன்றும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளிவிட்டால் அதனைப் பொறுத்துக்கொள்ளும். முன்னேற்றம் எனப்பட்ட உயர் அமுக்கம் இங்கே குறைபாடாகியது. பின்தங்கிய வடிவமே தகுதி பெற்றது. ஒரு கருவியின் மேன்மை அது வழங்கும் சமுதாயத்தின் நிலையைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இதே அறிவை ஆங்கிலப் பொறியியலாளர் முன்னரே ஏட்டில் எழுதியிருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே அமைந்தது. பெற்றோலால் இயக்கிச் சூடேற்றி, பின் மாற்றுதலே அங்கும் முறை. அவ்வியந்திரத்துக்கென அமுக்கம் தாழ்த்தப்பட்டது; உள்ளிழுக்கும் குழாய் சூடாக்கப்பட்டது; மசகெண்ணெயை அடிக்கடி மாற்றுமாறு விதிக்கப்பட்டது. ஒரு நாட்டில் ஆலையின் வடிவமைப்பாக இருந்தது, மற்றொரு நிலத்தில் தேவையின் நெருக்கடியால் கையறிவாக மீண்டும் பிறந்தது.

மண்ணெண்ணெய்க்கும் சம்ப் கசிவுக்கும் உள்ள உறவு இங்கேதான் வெளிப்படுகின்றது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. முற்றாக எரியாத பகுதி சிலிண்டரின் சுவர்களைக் கழுவிக்கொண்டு கீழிறங்கிச் சம்ப்பிலுள்ள மசகெண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். தடித்த எண்ணெயைத் தாங்கிய பழைய பக்கிங், நீர்த்த எண்ணெயைத் தாங்காது. சுவர்களில் மசகு அற்றுப்போவதால் பிஸ்ரன் வளையம் தேயும், உள்ளமுக்கம் கூடும், பின்புறச் சுருள் தோற்கும். ஆக, தடை முதலிற் பெற்றோலைப் பறித்தது. அதன் மாற்று மசகெண்ணெயைக் கெடுத்தது. கெட்ட எண்ணெய் அடைப்பைத் தோற்கடித்தது. தோற்ற அடைப்பை மாற்றுவதற்கான பக்கிங்கோ அதே தடைப் பட்டியலுக்குள் இருந்தது.

இதில் மறைவான ஆபத்தொன்றும் உண்டு. எண்ணெய் கசிந்து குறையும் அதேவேளையில் மண்ணெண்ணெய் இறங்கி அவ்விடத்தை நிரப்புவதால், அளவுகோலை இழுத்துப் பார்ப்பவருக்கு மட்டம் குறையாததுபோலவே தோன்றும். சிலவேளை கூடியும் இருக்கும். மட்டம் நிறைந்திருக்கத் தன்மை கெட்டுப்போன நிலை அது. அனுபவமுள்ளோர் அளவுகோலின் குறியை மட்டும் நம்பார்; எண்ணெயை இரு விரல்களிடையே தேய்த்துப் பார்ப்பர், மணந்து பார்ப்பர். அம்மணத்தை அறியாதவனின் எஞ்சின் தாங்கிகள் உருகி நிற்கும். நோயாளியை ஏற்றி மல்லாவிக்கோ புதுக்குடியிருப்புக்கோ சென்ற வண்டி நடுக்காட்டில் அவ்வாறு நின்றுவிடின், இழப்பு வண்டியோடு முடிவதன்று.

அடைத்தற் கலை

பழைய எஞ்சினின் சம்ப்பை அடைக்கும் முறை, கைமாறி வந்த ஒழுங்கொன்றைக் கொண்டது. அது பின்வருமாறு அமையும்.

முதலாவது, கசிவின் மூலத்தைக் காணுதல். எண்ணெய் மேலிருந்து வழிந்து, ஓடும் வண்டியின் காற்றால் பின்தள்ளப்பட்டுச் சம்ப்பின் அடியில் சொட்டும். வால்வு மூடியிலோ பக்கத் தகட்டிலோ உண்டான கசிவுக்குச் சம்ப்பைக் கழற்றுவது வீண். எஞ்சினை நன்கு கழுவி உலரவிட்டு, ஐயமுள்ள இடங்களில் வெண்கட்டித் தூளைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டினால், ஈரம் முதலில் எங்கே படர்கின்றது என்பது தெரியவரும். மூச்சுக்குழாயைக் கழற்றித் துப்புரவாக்குதலும் இந்நிலையிலேயே செய்யவேண்டியது.

இரண்டாவது, பரப்புகளைச் சீர்செய்தல். பழைய பக்கிங்கின் ஒட்டுகளைக் கீறல் விழாதவாறு சுரண்டி, எண்ணெய்ப் பசை அறவே நீங்கத் துடைத்தல் வேண்டும். தகட்டு விளிம்பை ஆராய்ந்தால் போல்ட்டுத் துளைகளைச் சுற்றி அது மேனோக்கிப் புடைத்திருப்பதைக் காணலாம். முன்பு இறுக்கியவர் கசிவுக்கு அஞ்சி அளவுக்கு மிஞ்சி இறுக்கியதன் விளைவு அது. துளையருகே மாத்திரம் அழுத்தம் விழ, இரு துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி தளர்ந்து கசியும். ஆகவே விளிம்பைத் தட்டையான மரக்குற்றியில் வைத்து, புடைப்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தல் இன்றியமையாதது. வாங்கக் கிடைக்கும் எப்பொருளாலும் இவ்வேலைக்கு ஈடுசெய்ய முடியாது. தடைக்காலத்தில் இதற்கு ஒரு சதமும் செலவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, பக்கிங்கைத் தேர்தல். தக்கை என்பது தென்மேற்கு ஐரோப்பாவில், சிறப்பாகப் போர்த்துக்கலில், ஒருவகை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. எண்ணெயை உறிஞ்சாது, அமுக்கினால் ஒடுங்கி, விட்டால் மீளும் இயல்பினால் நெளிந்த தகட்டுக்கு அது பொருத்தமானது. நாட்பட உலர்ந்த தக்கை சுருங்கித் துளைகள் ஒவ்வாதுபோனால், சிறிது நேரம் நீரில் ஊறவிட மீண்டும் விரியும். தக்கை கிடையாதவிடத்துக் கைக்கெட்டுவன தடித்த கடதாசியும் அட்டையும் சயிக்கிள் ரியூப்பின் றப்பருமே. இவற்றுள் றப்பர் முதற்பார்வைக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஆயினும் இயற்கை றப்பர் எண்ணெய் பட்டதும் ஊதி இளகி வெளித்தள்ளப்படும். நீர்க்குழாய்க்கு நன்றாய் உதவியது எண்ணெய்க்கு உதவாது. எண்ணெயில் ஊறிய தடித்த கடதாசி, சமப்படுத்திய பரப்பில், அதனை விஞ்சிப் பயன்தரும். கடதாசியை எஞ்சின் பரப்பில் விரித்து எண்ணெய்க் கையால் தேய்த்து அச்செடுத்து, விளிம்பு வழியே சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டி வெட்டியெடுப்பது திருத்தகங்களில் மாணாக்கன் முதலிற் பழகும் வேலைகளுள் ஒன்றாம்.

நான்காவது, பொருத்துதல். பக்கிங் சம்ப்பின் பக்கமே ஒட்டப்படும்; மறுபக்கம் ஒட்டாது விட்டால் அடுத்தமுறை எளிதிற் கழற்றலாம். அரைவட்டத் தக்கையின் முனைகள் குழிக்கு மேல் சற்று உயர்ந்து நிற்கவேண்டும். அவ்வுயரமே அமுக்கப்பட்டு மூலைகளை அடைக்கும். அதனைக் குழியோடு சமனாக வெட்டிவிடுபவர், பார்வைக்கு அழகான வேலை செய்து கசிவை விலைக்கு வாங்குகின்றனர்.

ஐந்தாவது, இறுக்குதல். நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி, பக்கம் மாறி மாறி, ஒரே முறையில் அன்றிப் பல சுற்றுகளில் இறுக்கவேண்டும். இவ்வகைச் சிறிய ஒஸ்ரின் எஞ்சினின் சம்ப் போல்ட்டுக்கு விதிக்கப்பட்ட முறுக்கம் 6 இறாத்தல்-அடி மாத்திரமே. சிறிய ஸ்பானரை விரல்களாற் பிடித்து இறுக்கும் வலு அது. ஒருமுறை எஞ்சின் சூடேறி ஆறியபின் மீண்டும் மெல்ல இறுக்கினால் வேலை நிறைவுறும். மிகுந்த வலுவே கசிவுக்குக் காரணமாகும் என்னும் உண்மை, கைக்கு உடனே விளங்குவதன்று. பல சம்ப்புகளைக் கெடுத்த பின்னரே விளங்குவது.

அறிவின் சமூகத் தளம்

இவ்வறிவு யாருடையது? ஏட்டறிவுக்கு நூலகமும் பட்டமும் உண்டு. இவ்வறிவுக்கு அவை இல்லை. பெரும்பாலும் பள்ளிப்படிப்பை இடையில் விட்ட சிறுவர் திருத்தகத்திற் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தும் கழுவியும் துடைத்தும் கற்றது. கூலி சொற்பம்; சிலவிடத்து உணவே கூலி. அச்சிறுவரின் உழைப்பை மறைத்துத் 'தமிழனின் தொழினுட்பத் திறன்' என்று பொதுவாகப் பெருமை பாராட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கார் வைத்திருந்தோர் சிலர். சயிக்கிளிலும் காலிலும் சென்றோரே பலர். எரிபொருட் பங்கீடு எப்போதும் அதிகாரத்தின் கையிலேயே இருந்தது. கிடைத்த துளிகள் எல்லோருக்கும் சமமாகச் சென்றடையவில்லை.

இதனிலும் பெரிய உண்மையொன்றை இங்கு குறிப்பிடாது விடல் தகாது. வடக்கில் இரும்புக் கடைகளும் பழைய இரும்பு வணிகமும் லொறித் தொழிலும் கணிசமான அளவுக்கு முஸ்லிம் மக்களின் கையில் இருந்தன. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அம்மக்கள் அனைவரையும் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணம், மன்னார் மட்டுமன்றி முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிலிருந்தும் அவர்கள் வெறுங்கையோடு சென்றனர். பழைய பொருளைத் தரம்பிரித்து, எது எதற்குப் பொருந்தும் என்று அறிந்த தலைமுறைகளின் அறிவும் அவர்களோடு சென்றது. உதிரிப்பாகம் மிகத் தேவைப்பட்ட காலம் தொடங்கிய அதே ஆண்டில், அவ்வணிகத்தின் வேர்களுள் ஒன்று உள்ளிருந்தே அறுக்கப்பட்டது. கொழும்பு விதித்த தடையை மட்டும் எழுதி இதனை எழுதாது விடும் வரலாறு அரை வரலாறே.

தடைக்காலத்துச் செய்கைகளைக் காவியமாக்குவதும் தவறு. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் கரும்புகை கக்கின, விரைவிற் தேய்ந்தன. பெற்றோல் துளிகளைச் சூடான எஞ்சின் அருகே கையாளுவது ஆபத்தானது. கசிந்த எண்ணெய் முற்றத்து மண்ணிலும் கிணற்றோரத்திலும் ஊறியது. இவை திறமையின் வெற்றிகள் என்பதிலும் பார்க்க, திணிக்கப்பட்ட வறுமையினுள் மனிதர் தம் வாழ்வைக் கைவிடாதிருந்தமைக்கான சான்றுகள் எனக் கொள்வதே பொருந்தும்.

பிறநாட்டு ஒப்புமையொன்றும் நோக்கத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா விதித்த தடையின் பின், கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்றுவரை ஓட்டப்படுகின்றன. அவை உலகப் புகழ் பெற்றுச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கின்றன. இலங்கையின் தென்பகுதியிலோ 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் உருவாக்கப்பட்டு, அவ்வண்டியின் தாயகமான இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. ஒரே தீவில், ஒரே ஆண்டுகளில், ஒரே வண்டிக்கு, ஒரு முனையில் ஏற்றுமதித் தொழிலும் மறுமுனையில் ஒரு துண்டுத் தக்கைக்குத் தட்டுப்பாடும் நிலவின. கியூபாவின் கார்கள் நிழற்படங்களில் நிலைபெற்றன. வன்னியின் கார்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

முடிவுரை

2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஓடக்கூடிய வண்டி எதுவும் உடன் சென்றது. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் நாள் அரச படைகளின் வசமாயிற்று. அதன்பின் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே சென்றவை முள்ளிவாய்க்காற் கரையோடு நின்றன. எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்த வாகனக் குவியல்கள் போர் முடிந்தபின் நெடுநாள் அங்கே துருவேறின. பின்னர்ப் பழைய இரும்பாயின. திருத்தகத்தின் வரலாற்றுக்கு ஆவணக் காப்பகம் ஏதும் உண்டெனின் அக்குவியல்களே அவை. அவற்றுள் எத்தனை சம்ப்புகளின் விளிம்புகள் கையாற் சமப்படுத்தப்பட்டிருந்தன, எத்தனையில் கடதாசிப் பக்கிங் இருந்தது என்று எவரும் பார்த்து எழுதவில்லை.

இன்று கடைகளில் சிலிக்கன் பசை தாராளமாகக் கிடைக்கின்றது; ஒரு குழாய்ப் பசையைப் பிழிந்து சம்ப்பைப் பொருத்திவிடலாம். அதனால் பழைய அறிவு பயனற்றது என்று முடிவுசெய்தல் அவசரமாகும். நெளிந்த விளிம்பைப் பசை திருத்தாது; அடைபட்ட மூச்சுக்குழாயையும் அது திறக்காது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றதும், தட்டுப்பாடு வடக்குக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தீவினர் அனைவருக்கும் உணர்த்தின. பழையதைப் பேணும் கலைக்கு மீண்டும் தேவை வராது என்று எவரும் உறுதி கூறவியலாது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் உள்ளது. இலங்கை–ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேயே இயங்குகின்றது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. இந்நிறுவனங்களிலிருந்து சயிக்கிளிற் செல்லக்கூடிய தொலைவில், தடைக்காலத்தில் ஸ்பானர் பிடித்தோர் முதுமையெய்தி வாழ்கின்றனர். அவர்தம் கையறிவு எழுத்தில் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறையும். கல்வெட்டைப் படியெடுக்கச் செல்லும் வரலாற்று மாணவர், ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு திருத்தகத்தின் வாங்கிலும் சென்று அமர்தல் வேண்டும். பொறியியல் மாணவரும் உடன் வருவாராயின் இன்னும் நன்று. கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை: எதனால் அடைத்தீர்கள், அது எத்தனை நாள் நின்றது, அதனை யாரிடம் கற்றீர்கள். விடைகள் இருக்கும்போதே அவ்வினாக்களைக் கேட்பது நம் தலைமுறையின் கடனாகும்.